போடி பக்கம் தோட்ட வீடு: எந்த சிம்மில் டேட்டா நிற்கும்?

தோட்டத்து வீடு எழுதியது:

வணக்கம். 11 வருடம் சென்னையில் இருந்துவிட்டு, அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் போன ஆனி மாதம் ஊருக்கே வந்துவிட்டேன். போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில் ராசிங்கபுரம் தாண்டி, மலையைப் பார்த்துத் திரும்பும் மண் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே எங்கள் தோட்டம். மூன்று பக்கம் தென்னை, பின்னால் மலை. ஓட்டு வீடு. முன்பக்கம் மட்டும் தகரம் இறக்கியிருக்கிறோம்.

நான் செய்வது கணக்கு வேலை. 14 சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டன் போடுகிறேன். மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் எனக்குத் தூக்கம் கிடையாது. ரிட்டனை முடிக்கும்போது ஓடிபி கடைக்காரரின் போனுக்குத்தான் வரும். அவர் போனில் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் இங்கே போட வேண்டும். ஆக, பேச்சும் டேட்டாவும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். போன மாதம் 20ஆம் தேதி சாயங்காலம் 7.40க்கு போர்ட்டல் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போய், மடியில் லேப்டாப்பை வைத்து முடித்தேன். இரண்டு கடைக்காரர்கள் அதற்குள் படுத்துவிட்டார்கள். அவர்களுக்கு விழுந்த தாமதக் கட்டணம், நாளுக்கு 50 ரூபாய், நான்தான் கட்டினேன். பணம் போனதைவிட, நம்பிக் கொடுத்தவர்களிடம் அதைச் சொல்ல வேண்டி வந்ததுதான் வலித்தது.

இப்போது இருக்கும் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. டவர் கோடு நான்கும் முழுசாகத் தெரிகிறது, ஆனால் டேட்டா ஓடவில்லை. ஊரில் கேட்டால் பால்காரர் ஒன்றைச் சொல்கிறார், மளிகைக் கடை அண்ணாச்சி வேறொன்றைச் சொல்கிறார், என் சித்தப்பா மகன் மூன்றாவதைச் சொல்கிறான். மூன்று பேருமே அவரவர் வீட்டில் நன்றாக எடுக்கிறது என்கிறார்கள். பொய் சொல்ல அவர்களுக்கு என்ன இருக்கிறது? ஃபைபர் இன்னும் ஊருக்குள்ளேயே நிற்கிறது, தோட்டம் வரை கம்பம் இல்லை.

எந்தக் கம்பெனி என்று கேட்பதைவிட, எப்படிப் பார்த்து முடிவு செய்வது என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

டவர் வேலை பார்த்தவன் எழுதியது:

சகோதரி, திண்டுக்கல், தேனிப் பக்கம் 9 வருடம் டவர் பராமரிப்பில் இருந்தேன். நீங்கள் கேட்ட விதம் சரி. எனக்கும் பெயர் சொல்ல விருப்பமில்லை. ஒரு தெருவில் ஜெயிப்பது அடுத்த தெருவில் தோற்கும்.

முதலில் கோடுகளைப் பார்ப்பதை விடுங்கள். ஒவ்வொரு போனும் அதை ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் அபவுட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் போங்கள். சிக்னல் அளவு டிபிஎம் என்று மைனஸ் எண்ணாக இருக்கும். 4ஜியில் மைனஸ் 95க்குள் இருந்தால் நல்லது. 105ஐத் தாண்டினால் வீடியோ திணறும், 115ஐத் தாண்டினால் பேச்சே விட்டு விட்டு வரும். தகரத்துக்கு அடியில் ஒரு முறை, வாசலில் ஒரு முறை பாருங்கள். தகரம் அலையைத் திருப்பி அடித்துவிடும், பச்சைத் தென்னை ஓலையும் கொஞ்சம் குடிக்கும்.

அப்புறம், ஒரே ஒரு கேள்வி. காலை 5 மணிக்கு உங்கள் டேட்டா எப்படி ஓடுகிறது? அதைச் சொல்லுங்கள், மிச்சத்தைச் சொல்கிறேன்.

தோட்டத்து வீடு எழுதியது:

அண்ணே, இன்று காலை 5 மணிக்கு எழுந்து பார்த்தேன். பறக்கிறது! வாசலில் மைனஸ் 92, உள்ளே மைனஸ் 107. ராத்திரி 8 மணிக்கும் அதே எண்கள்தான், ஆனால் எதுவும் திறக்கவில்லை.

டவர் வேலை பார்த்தவன் எழுதியது:

அப்படியென்றால் உங்களுக்கு சிக்னல் குறை இல்லை, கூட்டம்தான் குறை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். 1800, 2300 போன்றவை டவருக்குக் கிட்டே நிறைய டேட்டா கொடுக்கும், தூரத்தில் செத்துவிடும். உங்கள் தோட்டம் டவரிலிருந்து தள்ளி இருப்பதால் போன் தாழ்ந்த அலைவரிசையைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பாதை குறுகல். சாயங்காலம் சுற்று வட்டாரம் முழுக்க அதிலேயே வீடியோ பார்க்கிறது. கோடு நான்கு, டேட்டா பூஜ்யம்.

அதனால் நீங்கள் தேட வேண்டியது, உங்கள் பக்கம் ஆள் குறைவாக இருக்கும் கம்பெனி. ஊரே ஒன்றில் இருந்தால் மற்றொன்று காலியாக இருக்கும். பிஎஸ்என்எல்லைப் பார்ப்பதாக இருந்தால் உங்கள் போன் பேண்ட் 28, அதாவது 700 மெகாஹெர்ட்ஸ் 4ஜி எடுக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களின் 4ஜி 700லும் 2100லும் வருகிறது. பழைய போன்கள் பலவற்றில் 700 கிடையாது. 5ஜி போன் என்றால், 5ஜி வந்து வந்து போகிற இடத்தில் நெட்வொர்க் மோடை 4ஜிக்கு மாற்றிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். தாவித் தாவி நிற்பதைவிட 4ஜியில் ஒழுங்காக நிற்பது மேல்.

வருசநாட்டு டீச்சர் எழுதியது:

மகளே, டவர் தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் கரண்ட் போகும் நேரத்தை யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மழை பிடித்தால் கரண்ட் அரை நாள் போகும். டவரில் பேட்டரி இருக்கும் வரை ஓடும், அப்புறம் டீசல் ஊற்ற ஆள் வர வேண்டும். ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று கம்பெனி ஆன்டெனாக்கள் தொங்குவதுண்டு. அது அணைந்தால் எல்லாம் சேர்ந்து அணையும். நான் இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொண்டு பத்திரமாக இருப்பதாக நினைத்தேன். ஒரு ஐப்பசி மழையில் இரண்டும் ஒரே நிமிடத்தில் போனது. பள்ளியில் 32 பிள்ளைகளின் வருகைப் பதிவை அனுப்ப முடியாமல் நின்றேன். அப்போதுதான் விசாரித்தேன், இரண்டும் ஒரே கோபுரம்.

இரண்டாவது சிம் எடுத்தால் வேறு கோபுரத்தில் இருக்கிற கம்பெனியாகப் பார்த்து எடு. தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் இடத்தைக் குறித்தால் பக்கத்து டவர்களும் அவற்றில் உள்ள கம்பெனிகளும் தெரியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி கம்பெனிகள் தங்கள் தளங்களிலேயே கவரேஜ் வரைபடம் போட்டிருக்கின்றன. அதைப் பாதிதான் நம்ப வேண்டும். உன் வீட்டுத் தென்னை அந்தப் படத்தில் இருக்காது.

பால்காரரையும் அண்ணாச்சியையும் ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் காபிக்குக் கூப்பிடு. 7.30 முதல் 9.30 வரை அவர்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு உன் லேப்டாப்பில் போர்ட்டலைத் திற. காசு செலவில்லாத சோதனை அதுதான்.

கம்பம் மொபைல் கடை எழுதியது:

அக்கா, அவசரப்பட்டு நம்பரை போர்ட் செய்துவிடாதீர்கள், அதாவது அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறிவிடாதீர்கள். போர்ட் செய்தால் 90 நாள் கழித்துத்தான் அடுத்த கம்பெனிக்கு மாற முடியும். புது சிம் ஒன்று வாங்கி, ஒரு மாத பேக் போட்டு, இரண்டாவது ஸ்லாட்டில் ஓட்டிப் பாருங்கள். டேட்டாவுக்கு மட்டும் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், உங்கள் பழைய நம்பர் அப்படியே இருக்கும்.

பிடித்துப்போய் போர்ட் செய்தால்: ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடம் விட்டு நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ். பதிலாக வரும் யுபிசி, அதாவது மாறுவதற்கான குறியீடு, 4 நாள்தான் செல்லும். தமிழ்நாட்டுக்குள் என்றால் 3 வேலை நாளில் முடியும். மாறும்போது சில மணி நேரம் சேவை இருக்காது, அதனால் 11, 20 தேதிகளை ஒட்டிச் செய்யவே கூடாது.

இன்னொன்று. ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் என்று விற்பதை வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம், சுற்றியிருப்பவர்கள் சிக்னலையும் கெடுக்கும். வெளி ஆன்டெனா மாட்டும் வசதியுள்ள சிம் ரௌட்டர் (சிம் போட்டால் வீட்டுக்கு வைஃபை தரும் பெட்டி) வாங்கலாம், அதில் தப்பில்லை.

தோட்டத்து வீடு எழுதியது:

16 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி.

டீச்சரம்மா சொன்னபடி மூன்று சாயங்காலம் ஆட்களை வரவழைத்தேன். அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம், பேச ஆள் கிடைத்தது. கணக்கு நோட்டில் கோடு போட்டு எழுதிவைத்தேன். பால்காரர் சிம் வாசலில் மைனஸ் 90, ஆனால் ராத்திரி 8 மணிக்கு போர்ட்டல் திறக்கவில்லை. அவரும் நான் இருக்கும் கம்பெனியேதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணாச்சியின் சிம் தோட்டத்துக்குள் நுழைந்ததுமே மைனஸ் 117. சித்தப்பா மகன் தம்பியின் சிம்மில் வாசலில் மைனஸ் 101தான், எனக்கு நம்பிக்கையே இல்லை. அதே 8 மணிக்கு இரண்டு நொடியில் திறந்தது. இந்தப் பக்கம் அந்தக் கம்பெனியில் ஆளே இல்லை என்கிறான் அவன்.

தரங் சஞ்சாரில் பார்த்தேன். தம்பியின் கம்பெனி ராசிங்கபுரம் டவரில் இல்லை, தேவாரம் பக்கம் வேறு கோபுரம். போன வெள்ளிக்கிழமை காற்றில் கரண்ட் போய் மூன்று மணி நேரத்தில் பழைய சிம் செத்தது. தம்பியின் கம்பெனியில் நான் எடுத்த புது சிம் விடியும் வரை நின்றது.

புது சிம்மை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டிருக்கிறேன். மேசையை உள்ளறையிலிருந்து திண்ணையின் கிழக்கு ஓரத்துக்கு மாற்றிவிட்டேன், தகரம் அங்கே முடிகிறது. இந்த மாதம் 20ஆம் தேதி பழைய சிம்மில் கடைக்காரரோடு பேசிக்கொண்டே, தம்பி தன் போனில் போட்டுத்தந்த ஹாட்ஸ்பாட்டில் ரிட்டன் போட்டேன். ஒரே போனில் இரண்டும் சேர்ந்து ஓடவில்லை, பேசும்போது டேட்டா நின்றுவிடுகிறது. ராத்திரி 9.15க்கு 14ஆவது கடையும் முடிந்தது.

அந்தச் சிக்கலுக்காகவே சிம் ரௌட்டர் ஒன்று சொல்லியிருக்கிறேன், செவ்வாய்க்கிழமை வரும். டவர் அண்ணே, ஓட்டுக்கு மேல் ஆன்டெனாவைத் தேவாரம் பக்கம் நேராகத் திருப்பினால் இரண்டு தென்னை குறுக்கே வருகிறது. கம்பத்தை இன்னும் பத்தடி உயர்த்தவா, இல்லை கிணற்று மேட்டுக்குக் கொண்டு போகவா?