எக்ஸ்போஷர், அதாவது பயப்படும் விஷயத்தையே நேருக்கு நேர் எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை. அதன் செஷனுக்கு முன்னும் பின்னும் பதற்றத்தை எப்படிக் கையாளுகிறீர்கள்?

சிகிச்சை அளிப்பவர்:

லிஃப்ட் என்றாலே வேர்த்துக் கொட்டும் ஒருவருடன் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறேன். சீக்கிரமே வந்து, தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருப்பார். "கொஞ்சம் மூச்சுப் பயிற்சி பண்ணி, பயம் அடங்கினதும் ஏறலாமா?" என்பார். முதலில் அமைதி, அப்புறம் லிஃப்ட் என்று வைத்துக்கொண்டால் அந்த நாள் வரவே வராது. அதற்காகப் படபடப்போடு வருபவரை அப்படியே உள்ளே தள்ளிவிடவும் முடியாது.

எத்தனை மாடி, நான் கூட வருவேனா, வெளியே நிற்பேனா என்று எல்லாவற்றையும் முன்பே பேசி முடித்துவிடுவேன். பேசியதைத் தாண்டி, அவரைக் கேட்காமல் ஒரு மாடிகூடக் கூட்டமாட்டேன். இன்னும் என்னவெல்லாம் செய்யச் சொல்வார்களோ என்ற திகில் அதிலேயே பாதி போய்விடும். அடுத்து ஓர் அட்டை. என்ன நடக்கும் என்று பயப்படுகிறாரோ அதை அவர் கையாலேயே எழுத வேண்டும். "கதவு திறக்காது, மூச்சு முட்டி மயங்கி விழுவேன்" என்று எழுதினார். பதற்றம் 0 முதல் 100-க்குள் எவ்வளவு என்றேன். 80 என்றார். சரி, 80-உடனேயே ஏறலாம் என்றேன்.

இறங்கியதும் "பாத்தீங்களா, ஒண்ணுமே ஆகல" என்று முதுகில் தட்ட எனக்கும் கை பரபரக்கும். ஆனால் அட்டையை நீட்டி, "எழுதினதுல எது நடந்துச்சு?" என்று மட்டும் கேட்பேன். "மூச்சு முட்டற மாதிரி இருந்துச்சு, ஆனா மயங்கல" என்றார். அவர் வாயால் வந்த அந்தச் சொல்தான் மனதில் நிற்கும். பதற்றம் 70-க்குக் கீழே வராவிட்டாலும் அந்த செஷன் வீண் இல்லை. 1950-களில் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர், தசைகளைத் தளர்த்தக் கற்றுக்கொடுத்த பிறகே பயத்தைப் படிப்படியாகக் காட்டினார். அதுவும் பலன் தந்தது. தளர்வுப் பயிற்சி இல்லாமலே பயத்தை எதிர்கொண்டாலும் பலன் உண்டு என்பது பின்னால் தெரியவந்தது.

ஓசிடிக்குச் (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செயலைச் செய்யத் தூண்டும் மனநலக் கோளாறு) சிகிச்சை எடுத்தவர்:

எனக்கு செஷனைவிட அதற்கப்புறம் வரும் நேரம்தான் கஷ்டம். கழிப்பறைக் கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் இருக்க வேண்டும். அங்கே பக்கத்தில் ஆள் இருப்பதால் சமாளித்துவிடுவேன். வீட்டில் கை அரிக்கிற மாதிரியே இருக்கும். "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று மனைவியைக் கேட்பேன். "ஆகாது" என்பாள். சிறிது நேரம் நிம்மதி, மறுபடி அதே கேள்வி. அந்தப் பதிலும் ஒரு விதத்தில் கை கழுவுவதுதான் என்று சிகிச்சையாளர் அவளையும் உட்கார வைத்து விளக்கினார். இப்போது, "கஷ்டமா இருக்குன்னு தெரியுது, கொஞ்ச நேரம் கூட உக்காரட்டுமா?" என்று கேட்கிறாள். முதல் தடவை எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஆறுதலுக்கும் உத்தரவாதத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் புரிந்தது. செஷன் முடிந்து சும்மா படுத்துக் கிடந்தால் மனம் அதையே மெல்லும். துணி மடிப்பது, நடப்பது என்று வழக்கமான வேலையில் இறங்குவது எனக்கு உதவுகிறது.

ஊசி பயம் உள்ளவர்:

எங்கள் கதை வேறு. ரத்தம், ஊசி பயத்தில் ரத்த அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று விழும். அதனால் நிஜமாகவே மயக்கம் வரும். எங்களிடம் "உடம்பைத் தளர்த்துங்கள்" என்பது தலைகீழ் ஆலோசனை! லார்ஸ் யோரன் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் உளவியலாளர் தன் குழுவோடு உருவாக்கிய முறையில் கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும்வரை, 10 முதல் 15 வினாடி, இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு இயல்பு நிலைக்கு மட்டும் விடவேண்டும், தொய்ந்துவிடக் கூடாது. அரை நிமிடம் கழித்து மறுபடியும். ஊசி போடும் கையை மட்டும் தளர விட்டு, மற்றதை இறுக்கப் பழகிக்கொண்டேன்.

அதிர்ச்சி அனுபவங்களுக்குச் சிகிச்சை அளிப்பவர்:

நடந்ததை மறுபடி சொல்லவைக்கும் செஷனில், கடைசி நிமிடம்வரை அந்தக் காட்சியிலேயே வைத்திருந்து அனுப்பக் கூடாது. பேசி ஆறவும், சுற்றியுள்ள அறையை உணரவும் நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும். நான் அதில் கறார். அப்படிச் சொன்னதன் ஒலிப்பதிவை வீட்டில் கேட்பதைப் படுக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். அன்றிரவு கெட்ட கனவு வரலாம் என்று முன்பே சொல்லிவிட்டால், வந்தாலும் 'சிகிச்சை கெடுத்துவிட்டது' என்று பயந்துபோக மாட்டார்கள்.

முதலில் எழுதிய சிகிச்சையாளர்:

தனிச்செய்தியில் ஒருவர், செஷனுக்கு முன் பதற்ற மாத்திரை போட்டு வரலாமா என்று கேட்டிருந்தார். போட்டு வந்தால், 'மாத்திரையால்தான் தப்பித்தேன்' என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். ஆனால் தினமும் எடுப்பவராக இருந்தால் தானாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்தாகலாம். மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரும் சிகிச்சையாளரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.