கீன் முதல் ஆல்பம்: கிதாரை விட்டது துணிச்சலா, பதினொரு பாட்டும் ஒரே பாட்டா?

சுருதிப்பெட்டி:
பிரிட்டிஷ் குழு கீனின் முதல் ஆல்பமான 'ஹோப்ஸ் அண்ட் ஃபியர்ஸ்' பேச்சு வந்தாலே ரசிகர்கள் விற்பனைக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த வேலையை நானே முடித்துவிடுகிறேன். 2004 மே மாதம் வெளியீடு. வந்த வேகத்தில் பிரிட்டனில் முதலிடம். அந்த வருட மொத்த விற்பனையில் சிஸர் சிஸ்டர்ஸ் குழுவின் ஆல்பத்துக்கு அடுத்த இடம். 2005 பிரிட் விருதுகளில் சிறந்த பிரிட்டிஷ் ஆல்பம். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலிலும் இருந்தது. பரிசு ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் என்ற குழுவுக்குப் போனது.

ஆனால் விமர்சகர்கள் இரண்டு கட்சியானார்கள். மெட்டு மனதைவிட்டுப் போகாது என்று ஒரு கட்சி, கோல்ட்பிளே குழுவின் நிழல், வழவழவென்ற பாதுகாப்பான இசை என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை பியானோவுக்கு ஒரே வேலை: பாருக்கு (நாலு துடிப்பு கொண்ட ஒரு தாளச் சுற்று) எட்டு தடவை கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து) குத்துவது. மேலே டாம் சாப்ளின் குரல் ஏறும், கோரஸில் வெடிக்கும், அடங்கும். அடுத்த பாட்டு, மறுபடியும் முதலிலிருந்து.

இரும்புத்தந்தி:
குத்துகிறது, சரி. ஏன் குத்துகிறது என்று யோசித்தீர்களா? ராக் கிதாரில் ஒரு கார்டை அடித்துவிட்டுச் சும்மா இருந்தாலும் டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் விளைவு) அதைப் பிடித்து நிறுத்தி வைக்கும், சத்தம் சட்டென்று இறங்காது. பியானோவில் சுத்தி தந்தியைத் தொட்ட மறு நொடியே ஒலி தேய ஆரம்பித்துவிடும். நோட்டை வளைக்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது. டிரம்ஸுக்கு எதிரில் அது நிற்க வேண்டுமென்றால் தேய்வதற்குள் திரும்ப அடித்தாக வேண்டும். முதல் பாட்டு 'சம்வேர் ஒன்லி வீ நோ' நிமிடத்துக்கு ஏறக்குறைய 86 துடிப்பு. ஒரு பார் 2.8 விநாடி. அதில் எட்டு அடி என்றால் விநாடியின் மூன்றில் ஒரு பாகத்துக்கு ஒரு அடி. அந்த இடைவெளியில்தான் ஒலிச்சுவர் உடையாமல் நிற்கிறது. நாலு அடியாகக் குறைத்து வாசித்துப் பாருங்கள், பாட்டு நொண்டும்.

சுருதிப்பெட்டி:
கருவியின் குறையை ஒத்துக்கொண்டதற்கு நன்றி. ஒரு பாட்டுக்கு அது தீர்வு. பதினொரு பாட்டுக்கும் அதே தீர்வு என்றால் அதற்குப் பெயர் சோம்பல்.

பழையநாடா:
வரலாற்றையும் கொஞ்சம் பார்ப்போம், இல்லாவிட்டால் கிதாரை ஏதோ விளம்பரத்துக்காகத் தூக்கி எறிந்தார்கள் என்பதுபோல் ஆகிவிடும். கிழக்கு சசெக்ஸில் உள்ள பேட்டில் என்ற சின்ன ஊர்க்காரர்கள் இவர்கள். 2001 வரை டொமினிக் ஸ்காட் என்ற கிதார்க்காரர் குழுவில் இருந்தார். அவர் விலகிய பிறகு மிச்சம் மூன்று பேர்: பாட சாப்ளின், டிரம்ஸுக்கு ரிச்சர்ட் ஹியூஸ், பியானோவுக்கு டிம் ரைஸ்-ஆக்ஸ்லி. அதே வருடம் பிரான்ஸில் நார்மண்டியில் ஜேம்ஸ் சேங்கரின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து புது ஒலியைத் தேடினார்கள். ஆல்பம் பிற்பாடு ரை ஊரில் உள்ள ஹீலியோசென்ட்ரிக் ஸ்டூடியோவில் ஆண்டி கிரீனோடு சேர்ந்து உருவானது. கிதார் இல்லாமல் போனது முதலில் நிர்ப்பந்தம், பிறகுதான் கொள்கை.

கோல்ட்பிளே ஒப்பீட்டுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. ரைஸ்-ஆக்ஸ்லியும் கோல்ட்பிளே பாடகர் கிறிஸ் மார்ட்டினும் ஒரே லண்டன் கல்லூரியில் படித்தவர்கள், கீபோர்டு வாசிக்க வரச்சொல்லி மார்ட்டின் கூப்பிட்டதும் உண்மை, இவர் போகவில்லை. போதாக்குறைக்குத் தொடக்கத்தில் கீனின் சிங்கிளை (தனிப்பாட்டு வெளியீடு) வெளியிட்ட ஃபியர்ஸ் பாண்டா நிறுவனம்தான் அதற்கு முன் கோல்ட்பிளேயையும் வெளியிட்டது. விமர்சகன் கையில் இத்தனை நூல் கிடைத்தால் முடிச்சுப் போடாமல் இருப்பானா? அது ஸ்ட்ரோக்ஸ், லிபர்டீன்ஸ் மாதிரிக் குழுக்கள் என்று கரடுமுரடான கிதாரைக் கொண்டாடிய காலம் வேறு. தனியார் பள்ளிப் பையன்கள், கையில் பியானோ, வாயில் சோகம் என்றால் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் சும்மா விடுமா? விமர்சனத்தில் பாதி இசையைப் பற்றியது, பாதி சட்டைக் காலரைப் பற்றியது.

சுருதிப்பெட்டி:
காலர் கதை எனக்கு வேண்டாம். நான் காதை வைத்துப் பேசுகிறேன்.

கட்டைவிரல்:
காதை வைத்தே பேசுவோம். முதல் பாட்டின் முதல் நாலு பாரை எடுங்க. ஏ மேஜர், சி ஷார்ப் மைனர் (அடியில் ஜி ஷார்ப்), பி மைனர் 7, கடைசி பாரில் ஈ சஸ் 4 (ஈ மேஜரில் ஜி ஷார்ப்புக்குப் பதில் ஏ) வந்து ஈ மேஜரில் இறங்குது. பார்க்க சாதாரண வரிசை. ஆனா விரல் எங்கே நகருதுன்னு பாருங்க. ஏ மேஜரில் ஏ, சி ஷார்ப், ஈ. அடுத்த கார்டில் ஜி ஷார்ப், சி ஷார்ப், ஈ. மூணு விரலில் ரெண்டு அசையவே இல்லை, ஏ மட்டும் அரைப்படி (ஒட்டி இருக்கிற அடுத்த கட்டை) கீழே இறங்குது. நாலாவது பாரில் சஸ் 4 ஈ மேஜரா மாறும்போதும் அதே ஏ, அதே ஜி ஷார்ப்புக்குத்தான் இறங்குது. ஒரே பெருமூச்சு, நாலு பாருக்குள்ள ரெண்டு தடவை, ரெண்டு வேற வேற கார்டுக்குள்ள. நீங்க குத்துன்னு சொல்ற அந்த எட்டு அடி ஒரே மாதிரி இருக்கிறதாலதான் இந்த அரைப்படி காதில் விழுது. கிதார் அலங்காரம் பண்ணியிருந்தா மூழ்கிப் போயிருக்கும்.

இதை வாசிக்கும்போது வழக்கமா நடக்கிற தப்பு: ஒலியை நீட்டிப் பிடிக்கிற சஸ்டெய்ன் பெடலை முழு பாருக்கும் அழுத்தி வைக்கிறது. பழைய ஏ-வும் புது ஜி ஷார்ப்பும் கலந்து கசப்பாயிடும். கார்டு மாறின அந்தக் கணத்தில் பெடலை விட்டு உடனே திரும்பப் பிடிக்கணும். இன்னொன்று, எட்டு அடியையும் ஒரே கனத்தில் அடிக்காதீங்க. முதல் அடியும் ஐந்தாவது அடியும் கொஞ்சம் தூக்கல், மத்தது மணிக்கட்டிலிருந்து லேசா. இல்லைன்னா தையல் மெஷின்.

சுருதிப்பெட்டி:
அருமையான விளக்கம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் புகழ்வது மெட்டை. மெட்டு பலமானது என்று 2013இல் லில்லி ஆலனே காட்டிவிட்டார். ஜான் லூயிஸ் கடையின் கிறிஸ்துமஸ் விளம்பரத்துக்கு இதே 'சம்வேர் ஒன்லி வீ நோ'வை மெதுவாகப் பாடியது பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது, கீனின் மூலப் பாட்டு 3ஆம் இடத்தில் நின்றது. கீன் கட்டிய ஒலிச்சுவரை இடித்துவிட்டுப் பாடினால் இன்னும் மேலே போகிறது என்றால் அந்தச் சுவர் எதற்கு?

இரும்புத்தந்தி:
தரவரிசையை வைத்து ஒலியை அளப்பதா? சற்று முன்னால்தான் விற்பனைக் கணக்கை ஓரமாக வைத்தீர்கள். ஆலன் பாடியதில் துடிப்பு போய்விட்டது, பாட்டு தாலாட்டாகிவிட்டது. தாலாட்டு அழகுதான். மூலத்தில் இருப்பது வேறு: பாடுகிறவன் களைத்துப் போயிருக்கிறான், கீழே தாளம் அவனை நிற்கவிடாமல் தள்ளுகிறது. அந்த முரண்தான் பாட்டு.

இந்த ஒலிக்கு அடையாளமே யமஹா சிபி 70. அதைப் பற்றித் தெரியாமல் வழவழப்பு என்று சொன்னால் எப்படி? அது மின்பியானோ வகைதான், ஆனால் உள்ளே நிஜத் தந்தி, நிஜச் சுத்தி. 73 கட்டை. ஒலிப்பலகை கிடையாது, அதற்குப் பதில் ஒவ்வொரு நோட்டின் பாலத்திலும் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு பீசோ பிக்கப். சுத்தித் தலையில் கம்பளிக்குப் பதில் தோல். அதனால் தட்டும் ஓசை கூர்மையாக, கொஞ்சம் உலோகமாக வரும். சுற்றுலாவுக்கு எடுத்துப்போக இரண்டாகப் பிரியும், அப்படியும் மொத்தம் நூறு கிலோவுக்கு மேல். தந்திகள் பெரிய கிராண்ட் பியானோவைவிடக் குட்டை. குட்டைத் தந்தியில் மேல்சுரங்கள் கணக்கைவிடக் கூர்மையாகப் போகும், அதனால் கீழ்க்கட்டைகள் தகரம் தட்டியதுபோல் கேட்கும். கீழே தனியாக பேஸ் கிதார் எதற்கு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெளனராகம்77:
பேஸ் கிதாரா? இந்த ஆல்பத்தில் பேஸும் பியானோவிலேயே வாசித்தது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

பழையநாடா:
இல்லை. ரெக்கார்டிங்கில் பேஸ் வாசித்ததும் ரைஸ்-ஆக்ஸ்லிதான். மேடையில் அவர் கை பியானோவில் மாட்டிக்கொண்டதால் பேஸைப் பதிவு செய்து லேப்டாப்பிலிருந்து ஓடவிட்டார்கள். ஜெஸ்ஸி குவின் வந்து மேடையில் பேஸைக் கையில் எடுத்தது சில வருடம் கழித்துத்தான்.

சுருதிப்பெட்டி:
இதோ, நான் தேடிக்கொண்டிருந்த சாட்சி! லேப்டாப்பில் பேஸ் ஓடினால் டிரம்மர் காதில் கிளிக் (வேகத்தைக் காட்டும் டிக் டிக் ஓசை) ஓட வேண்டும். கிளிக் ஓடினால் வேகம் ஒரு இம்மி ஏறாது, இறங்காது. கூட்டம் கூடவே பாடுகிறது என்பதற்காகக் கோரஸை ஒரு சுற்று நீட்ட முடியாது, நீட்டினால் பேஸ் தன்பாட்டுக்கு அடுத்த பகுதிக்குப் போய்விடும். ரெக்கார்டில் கேட்ட அதே நீளம், அதே வேகம். பாதுகாப்பான இசை என்று எழுதியவர்கள் வேறென்னத்தை எழுதினார்கள்?

இரும்புத்தந்தி:
மேடைக்கு அது குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் பேசுவது ஆல்பத்தை.

கட்டைவிரல்:
வீட்டில் இந்த ஒலியைக் கொண்டுவர முயற்சி செய்றவங்களுக்கு ஒரு குறிப்பு, சண்டைக்கு நடுவில் மன்னிக்கணும். டிஜிட்டல் பியானோவில் கச்சேரி கிராண்ட் ஒலியை எடுக்காதீங்க, 'எலக்ட்ரிக் கிராண்ட்' என்கிற ஒலி இருக்கும், அதை எடுங்க. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிடுங்க, அந்த இடம் பேஸுக்குச் சொந்தம். பிறகு ஓவர்டிரைவ் (மிதமான டிஸ்டார்ஷன்), கொஞ்சமா. இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுறாங்க: பத்து விரலாலும் முழு கார்டு பிடிச்சு ஓவர்டிரைவில் விட்டா வெறும் சேறு.

ஏன்னு கணக்கே சொல்லும். டிஸ்டார்ஷன் ரெண்டு நோட்டுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையும் ஒரு புது நோட்டா உருவாக்கும். 220 ஹெர்ட்ஸ் ஏ-வையும் அதுக்கு மேலே ஐந்தாவதா வர்ற ஈ-யையும் (329.6) சேர்த்தா வித்தியாசம் 109.6. அது கிட்டத்தட்ட கீழ் ஏ (110), இனிக்கும். அதே ஏ-வோட சி ஷார்ப்பைச் சேர்த்தா (277.2) வித்தியாசம் 57.2. அங்கே இருக்க வேண்டியது 55, அதுக்கும் கீழே உள்ள ஏ. அரைப்படியில் மூணில் ரெண்டு பங்கு சுருதி தப்பு, அதுவும் அடிமட்டத்தில். ஆகவே இடது கையில் ஏ, ஈ மட்டும். சி ஷார்ப் வேணும்னா ஓவர்டிரைவ் இல்லாத இன்னொரு தடத்தில் வலது கை. ரெண்டு தடமா பதிவு பண்ணிக் கலந்தா வேலை சுத்தம்.

சுருதிப்பெட்டி:
இதைத்தான் நானும் கேட்கிறேன். பியானோவை டிஸ்டார்ஷன் பெடலுக்குள் விட்டுக் கடிக்கவைக்க முடியும் என்று அவர்களுக்கே தெரியும். 2006இல் 'அண்டர் தி அயர்ன் சீ' வந்தபோது அதைத்தானே செய்தார்கள்? பியானோவா கிதாரா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கடித்தது. அந்தத் தைரியத்தில் பாதி முதல் ஆல்பத்தில் இருந்திருந்தால் இந்த விவாதமே இல்லை. 'பெண்ட் அண்ட் பிரேக்' வேகமான பாட்டு, எழுந்து நிற்கிறது. ஆனால் நடுவில் 'ஷீ ஹாஸ் நோ டைம்', 'சன்ஷைன்' எல்லாம் வரும்போது வண்டி இரண்டாவது கியரிலேயே ஊர்கிறது.

இரும்புத்தந்தி:
இரண்டாவது ஆல்பத்தை வைத்து முதல் ஆல்பத்தை அடிப்பது நியாயமா? அதே பெடலோடு 'எவ்ரிபடீஸ் சேஞ்சிங்' வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பாட்டின் பலமே வெளிச்சம்தான். 2003இல் ஃபியர்ஸ் பாண்டாவில் வந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படாத அதே மெட்டு, 2004 மே மாதம் மறுவெளியீட்டில் 4ஆம் இடம். 'ஷீ ஹாஸ் நோ டைம்' மெதுவான பாட்டு, சரி, ஆனால் சாப்ளின் கோரஸில் பொய்க்குரலுக்குத் தாவும் இடத்தைக் கேளுங்கள். பின்னால் கடிக்கிற பியானோ இருந்தால் அந்தத் தாவல் எடுபடாது. பாடகருக்கு இடம் விட்டு வாசிக்கிறார்கள். இடம் விடுவது சோம்பலா?

சுருதிப்பெட்டி:
இடம் விடுகிறார்கள் என்றால் அந்த இடத்தில் மௌனம் இருக்க வேண்டும். இங்கே எக்கோவும் சின்த் மெத்தையும் (பின்னணியில் நீளமாக நிற்கும் சின்தசைசர் ஒலி) இருக்கிறது. மூன்று பேர் வாசிக்கிற குழு மூன்று பேர் மாதிரி ஒலிக்க வேண்டாமா?

கட்டைவிரல்:
இந்த ஒரு இடத்தில் நான் உங்க கட்சி. மெத்தை கொஞ்சம் அதிகம்தான்.

பழையநாடா:
கடைசிப் பாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். 'பெட்ஷேப்ட்' மெதுவாகத் தொடங்கி மாடி மாடியாக ஏறுகிறது. கடைசியில் பியானோ, சின்த், டிரம்ஸ் எல்லாம் ஒன்றாக மோதும் இடத்தில் கிதார் இல்லையே என்று யாருக்காவது தோன்றுமா?

சுருதிப்பெட்டி:
சரி, 'பெட்ஷேப்ட்'டை விட்டுவிடுகிறேன். அது நல்ல பாட்டு. கட்டைவிரல் சொன்ன அந்த அரைப்படிக்காக முதல் பாட்டையும் விடுகிறேன். பதினொன்றில் இரண்டு போனது. 'சன்ஷைன்' பற்றி யாராவது வாய் திறங்கள், பார்க்கலாம்.

இரும்புத்தந்தி:
'சன்ஷைன்' விஷயத்தில் நான் வாய் திறக்கப் போவதில்லை.