எங்கள் குடும்பக் குழுவில் விசாகப்பட்டினப் பயணத் திட்டம்

*அக்டோபர் 18, ஞாயிறு*

நித்யா (காலை 9:12): அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசி வாரத்தில் வருகிறது. போன தீபாவளிக்கு ஆச்சி கேட்டபடி இந்த முறை எல்லோரும் சேர்ந்து ஒரு கடற்கரை ஊருக்குப் போய்வரலாம் என்று அப்பாவும் நானும் பேசினோம். விசாகப்பட்டினம் என்று முடிவு செய்தால், 25-ஆம் தேதி மாலை சென்னையில் ரயில் ஏறி 31-ஆம் தேதி காலை திரும்பிவிடலாம். உங்கள் கருத்துகளை இங்கேயே எழுதுங்கள்.

அருண் (காலை 9:20): மதினி, எனக்கு முழுச் சம்மதம். அரக்குப் பள்ளத்தாக்கையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் போய் இரவுக்குள் திரும்பும் ஒரு நாள் சுற்றுலாக்கள் நிறைய இருக்கின்றன.

அத்தை (காலை 9:41): அம்மாவிடம், அதாவது உன் ஆச்சியிடம் சொன்னேன். முதலில், "அங்கே கோயில் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அடுத்து, கடலுக்குப் பக்கத்தில் உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். முழங்கால் வலி இப்போது முன்பைவிட அதிகமாகவே இருக்கிறது, நித்யா. படியேறுவது அவர்களால் ஆகாது. இதை மனத்தில் வைத்துத் திட்டம் போடுங்கள்.

சித்தி (காலை 10:02): அக்டோபர் முழுக்கப் புயல் செய்தியாகவே இருக்கிறதே. டிசம்பரில் அந்தப் பக்கம் போவது சரிதானா?

சித்தப்பா (காலை 10:37): அந்த ஊர்த் துறைமுகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். வங்கக்கடலின் வடமேற்குக் கரைக்குப் புயல் பயம் கூடுதலாக இருப்பது அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான். 2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுத்ஹுத் புயல் நேராக விசாகப்பட்டினத்தின் மீதே கரையேறியபோது நான் அங்கேதான் இருந்தேன். விமான நிலையத்தின் கூரை பெயர்ந்தது. கைலாசகிரி மலையில் பச்சையே இல்லாமல் போனது. பல நாள் மின்சாரமும் இல்லை. டிசம்பர் கடைசியில் நிலைமை வேறு. வானம் தெளிந்து, பகல் வெயில் 28 டிகிரியை ஒட்டி நின்றுவிடும். கோடையில் அங்கே இருக்கும் புழுக்கத்தை அனுபவித்தவர்கள் டிசம்பர், ஜனவரி தவிர வேறு மாதத்தில் யாரையும் அழைக்க மாட்டார்கள். ஆகவே மாதத்தை மாற்ற வேண்டாம்.

ஒரு செய்தியை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊர் சென்னைக்கு வடகிழக்கில் இருப்பதால் டிசம்பர் இறுதியில் மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். நம் பழக்கத்தில் நாலு மணிக்குக் காப்பி குடித்துவிட்டு ஐந்து மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்பினால், போய்ச் சேரும்போது இருட்டிவிடும். கடலைப் பார்க்கும் வேலையெல்லாம் காலையில்தான்.

அப்பா (காலை 10:55): தம்பி சொல்வது நியாயம். ஒவ்வொரு நாளும் விடியற்காலை கடலுக்கு, பகல் பதினொரு மணிக்கு மேல் அறைக்கு, பிறகு மூன்று மணிக்கு ஒரே ஓர் இடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஐந்து இடம் என்று எழுதிவைத்துக்கொண்டு வேனிலேயே பொழுதைக் கழிக்கும் பயணத்தை நான் விரும்பவில்லை. அம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவர்களோடு கடலோரத்தில் உட்கார்ந்து பேசும் நேரம்தான் எனக்கு முக்கியம்.

நித்யா (காலை 11:08): அப்படியே வைத்துக்கொள்ளலாம் அப்பா. சித்தப்பா, எந்தப் பகுதியில் தங்கலாம்? ருஷிகொண்டா பக்கம் கடலைப் பார்த்தபடி அறைகள் இருக்கின்றன, படங்களும் அழகாக இருக்கின்றன.

சித்தப்பா (காலை 11:30): ருஷிகொண்டா அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது நகரத்தை விட்டுத் தள்ளி இருக்கிறது. எதற்கெடுத்தாலும் வண்டி வேண்டும். ராமகிருஷ்ணா கடற்கரையை, அதாவது ஆர்.கே. பீச்சை ஒட்டிய பாண்டுரங்காபுரம் பகுதியில் அறை எடுங்கள். விடியற்காலையில் அந்தக் கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். ஊரே நடக்க வந்திருக்கும். அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு சாலை நடுவிலேயே பயமில்லாமல் நடக்கலாம், வலித்தால் கடலைப் பார்த்துப் போட்டிருக்கும் இருக்கையில் உட்காரலாம். அவசரம் என்றால் கிங் ஜார்ஜ் மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கிறது. அறை எடுக்கும்போது லிஃப்ட் உண்டா, மின்சாரம் போனால் அது ஜெனரேட்டரில் ஓடுமா என்று நேரடியாகக் கேட்டுக்கொள்.

இன்னொன்று. ஆர்.கே. பீச்சில் யாரும் கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தரை திடீரென்று சரிந்து ஆழமாகும். கரைக்கு வந்த அலை திரும்பும்போது காலடி மணலையே உருவிக்கொண்டு போகும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களே அங்கே மூழ்கியிருக்கிறார்கள். அருண், இதை உனக்காகத்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அருண் (காலை 11:36): சரி, சின்ன மாமா. இறங்க மாட்டேன். பிள்ளைகளையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

சித்தி (பிற்பகல் 12:15): நீர்மூழ்கிக் கப்பலைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஆச்சியால் உள்ளே போக முடியுமா?

சித்தப்பா (பிற்பகல் 12:40): அம்மா உள்ளே போக வேண்டாம். ஐ.என்.எஸ். குர்சுரா சோவியத் நாட்டில் கட்டப்பட்டு, 1969 முதல் 2001 வரை நம் கடற்படையில் பணியாற்றிய கப்பல். 1971 போரின்போதும் பணியில் இருந்தது. 2002-இல் அதைக் கரையேற்றி அருங்காட்சியகமாக்கினார்கள். நீளம் 91 மீட்டர். உள்ளே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான இரும்பு வாசல்கள்தான் உண்டு; தலையையும் முதுகையும் ஒருசேரக் குனிந்து, ஒரு காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, பிறகு மற்ற காலை இழுத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களால் அது ஆகாது. பிள்ளைகளுக்கோ அதுதான் கொண்டாட்டம். டார்பிடோ குழாய்களுக்குப் பக்கத்திலேயே மாலுமிகளின் படுக்கைகள் இருப்பதைப் பார்த்தால் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். ஓய்வுபெற்ற கடற்படையினரே கூட வந்து விளக்குவார்கள். எதிர்ப்புறம் டி.யு.-142 என்ற பெரிய கண்காணிப்பு விமானத்தையும் நிறுத்தியிருக்கிறார்கள். கப்பலுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதனால் போய்ச் சேரும் சனிக்கிழமை மாலையே அதை முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் அம்மாவும் அக்காவும் வெளியே உட்கார்ந்து முரி மிக்சர் சாப்பிடலாம். பொரியில் வெங்காயமும் தக்காளியும் எலுமிச்சையும் சேர்த்து, கண்முன்னாலேயே கலந்து தருவார்கள்.

அத்தை (பிற்பகல் 1:05): அம்மாவுக்குக் காரம் ஆகாது. மிளகாய் போடாமல் கேட்டு வாங்க வேண்டும். கோயிலைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

அப்பா (பிற்பகல் 1:48): சிம்மாசலம்தான். வராகமும் நரசிம்மமும் ஒன்றான திருமேனி. ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள்ளேயே இருக்கும். அட்சய திருதியை அன்று மட்டுமே காப்பு களைந்த கோலத்தில் சேவிக்க முடியும். நாம் போகும்போது மார்கழி என்பதால் அதிகாலையில் திருப்பாவையும் காதில் விழும். அந்தக் கோயிலில் உள்ள பழைய கல்வெட்டுகளில் ஒன்று 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதற் குலோத்துங்கன் காலத்தில் வெட்டப்பட்டது. விசாகப்பட்டினத்துக்கே குலோத்துங்க சோழப் பட்டினம் என்ற பெயர் வழங்கியிருக்கிறது. எத்தனையோ ஆண்டுகளாக அந்தக் கல்வெட்டுகள் இருக்கும் இடத்தில் ஒருமுறை நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். தம்பி, அம்மாவை மேலே எப்படி அழைத்துப் போவது?

சித்தப்பா (பிற்பகல் 2:10): அடிவாரத்திலிருந்து படி ஏறத் தேவையில்லை அண்ணா. மலைப்பாதையில் வண்டி கோயிலுக்குப் பக்கம் வரை போகும். சனி, ஞாயிறு கூட்டத்தைத் தவிர்த்துப் புதன்கிழமை காலையில் போவோம். போகும் வழியில் சிம்மாசலம் அன்னாசிப் பழம் விற்பார்கள். டிசம்பரில் எவ்வளவு கிடைக்கும் என்பது அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அருண் (பிற்பகல் 2:25): அப்படியானால் திங்கட்கிழமை அரக்கு. காலையில் ரயில், மாலையில் வேன், இரவு திரும்பிவிடலாம்.

சித்தப்பா (பிற்பகல் 3:02): அருண், ஒரே நாளில் என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். கிரந்துல் போகும் பயணிகள் ரயில் காலையில் புறப்பட்டு அரக்குக்குப் போய்ச் சேர ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். சத்தீஸ்கரின் பைலாடிலா மலையிலிருந்து இரும்புத் தாதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காக 1960-களில் மலையைக் குடைந்து போட்ட பாதை அது. ரயில் நுழைந்து போகும் குகைகள் ஐம்பதுக்கு மேல். ஒவ்வொரு குகையைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு வேறு பக்கமாகத் திறக்கும், அதைப் பார்க்கத்தான் ரயிலில் போவது. ஒரு நாள் திட்டத்தில் உச்சி வெயிலில் இறங்கி, அவசரமாகச் சாப்பிட்டு, பொர்ரா குகையை அரைகுறையாகப் பார்த்துவிட்டு, இருட்டில் மலை வளைவுகளில் நான்கு மணி நேரம் இறங்குவீர்கள். கைக்குழந்தையோடு அப்படி வந்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன், வழியெல்லாம் வாந்தி. ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் காலை மூடுபனி விலகுவதைப் பார்த்துவிட்டு, அனந்தகிரியில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நின்று, பகல் வெளிச்சத்தில் பொர்ராவைப் பார்த்துக்கொண்டு சாலை வழியாக இறங்கலாம்.

அருண் (பிற்பகல் 3:15): தங்கும் செலவு கூடுமே என்றுதான் யோசித்தேன். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தங்குவதே சரி. ஆச்சி அந்தக் குளிரைத் தாங்குவார்களா?

அத்தை (பிற்பகல் 3:50): அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "மலையைப் பொதிகையிலேயே பார்த்தாயிற்று, நான் கடலைப் பார்க்கத்தான் வருகிறேன், நீங்கள் போய்வாருங்கள்" என்கிறார்கள். நானும் அம்மாவோடு கடற்கரையிலேயே இருந்துவிடுகிறேன்.

அப்பா (பிற்பகல் 3:58): நானும் இருக்கிறேன். பொர்ராவிலும் படிகள் நிறைய உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மற்றவர்கள் போய்வாருங்கள். ஸ்வெட்டர் மறக்காதீர்கள், டிசம்பர் இரவில் அங்கே பத்து டிகிரிக்கும் கீழே போகும்.

நித்யா (மாலை 4:30): ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. பீமிலி வரை போய்வரலாமா, சித்தப்பா?

சித்தப்பா (மாலை 5:05): தாராளமாக. விசாகப்பட்டினத்திலிருந்து பீமுனிப்பட்டினம், அதாவது பீமிலி வரை கடலை ஒட்டியே சாலை போகிறது. வழியில் தொட்லகொண்டா குன்றின்மேல், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பௌத்த மடத்தின் செங்கல் அடித்தளங்களும் பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளும் இருக்கின்றன. கடற்படை 1970-களில் இடம் தேடி ஆய்வு செய்தபோதுதான் அது வெளியே தெரியவந்தது. அங்கிருந்து கீழே பார்த்தால் கரை முழுதும் வளைந்து கிடக்கும்.

அதற்கு அப்பால் எர்ரமட்டி திப்பலு. இதை அம்மாவுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும். நம் உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு போலவே செம்மணல் மேடுகள். கடற்காற்று கொண்டுவந்து குவித்த மணல் காலப்போக்கில் சிவந்து இறுகியது. நம் தேரி, இந்த மேடுகள், இலங்கையின் செம்மணல் கரை ஆகிய மூன்றையும் புவியியலாளர்கள் ஒரே வகையாகச் சேர்த்துப் பேசுவார்கள். தேரியில் மணல் பரந்து கிடக்கும். இங்கே மழைநீர் அறுத்து அறுத்துச் செங்குத்தான ஓடைகள் ஆகிவிட்டன. தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம், ஆகவே பிள்ளைகள் ஓரங்களில் ஏறிச் சரித்துவிடக் கூடாது. அம்மா வண்டி நிற்கும் இடத்திலிருந்தே பார்க்கலாம்.

பீமிலியில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டமும், கோஸ்தனி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை நீங்கள் பார்க்கும் பொர்ரா குகைப் பக்கத்திலிருந்து வருவதும் அதே ஆறுதான். பிள்ளைகளிடம் இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பதினொரு மணிக்கு அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

அத்தை (மாலை 5:40): தேரிமணல் என்று சொன்னதும் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சின்ன வயதில் அந்த மணலில் பனங்கிழங்கு சுட்டுத் தின்ற கதையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது கோயிலுக்கு முன்பே அந்த மணலைப் பார்க்க வேண்டுமாம்.

நித்யா (மாலை 6:10): நல்லதாயிற்று அத்தை, ஞாயிறே பார்த்துவிடலாம். இனி டிக்கெட். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். 25-ஆம் தேதிப் பயணத்துக்கு அக்டோபர் 26, அரக்கு ரயிலுக்கு அக்டோபர் 29, திரும்பி வர அக்டோபர் 31. மூன்று நாளும் காலை எட்டு மணிக்கு அருணும் நானும் தயாராக இருப்போம். கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டி முதலிலேயே நிறைந்துவிடும் என்பதால் அதை அருண் பார்த்துக்கொள்ளட்டும்.

சித்தப்பா (மாலை 6:22): ரயிலைத் தேர்ந்தெடுக்கும்போது நிறுத்தத்தைப் பார்த்துக்கொள். விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் போகும் ரயில் என்ஜினை மாற்றிக்கொண்டு வந்த பக்கமாகவே வெளியேற வேண்டும்; அந்த நேரத்தை மிச்சப்படுத்தப் பல ரயில்கள் ஊருக்குள் வராமல், ஊருக்கு வெளியே உள்ள துவ்வாடா நிலையத்தோடு போய்விடும். விடியற்காலையில் துவ்வாடாவில் அம்மாவையும் பெட்டிகளையும் இறக்கி நிற்கக் கூடாது. ஹவுரா மெயில் விசாகப்பட்டினம் நிலையத்துக்கே வரும்.

அப்பா (மாலை 6:35): அம்மாவுக்கும் தங்கைக்கும் மட்டும் தனி டிக்கெட்டாகப் போடுங்கள். கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போனால் அந்தச் சலுகை கிடைக்காது. எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அம்மாவுக்கு மேல் படுக்கை வந்து நிற்கும். நீங்கள் இருவரும் 24-ஆம் தேதியே வைகை எக்ஸ்பிரஸில் பகலில் சென்னைக்கு வந்துவிடுங்கள். ஒரு நாள் வீட்டில் ஓய்வெடுத்த பிறகு ரயில் ஏறினால் உடம்பு தாங்கும்.

அத்தை (மாலை 6:50): அப்படியே செய்கிறோம் அண்ணா. நித்யா, அம்மாவின் ஆதார் அட்டைப் படத்தை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பிறந்த தேதியைச் சரிபார்த்துக்கொள்.

நித்யா (மாலை 6:58): வந்துவிட்டது அத்தை. அறைக்கு நாளை காலை பேசிவிட்டு, லிஃப்ட், ஜெனரேட்டர் விவரங்களோடு இங்கேயே எழுதுகிறேன்.