படுக்கையிலை இருக்கிற அம்மம்மாவுக்குப் பல்லுத் தீட்டுறது எப்பிடி?

கோண்டாவில்:
அம்மம்மாவுக்கு 84 வயது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காது, தண்ணி குடிச்சாலே புரைக்கேறும். கீழே சொந்தப் பல்லு ஆறு, மேலே கட்டுப்பல்லு. பிறஸைக் கண்டால் வாயை இறுக்கிப் பொத்துறா. பயத்திலை சீலையாலை மேலோட்டமாத் துடைக்கிறம். இப்ப கஞ்சியும் பாதியிலை வேண்டாம் எண்டுறா. என்ன செய்யலாம்?

சுன்னாகம் தாதி:
தங்கச்சி, புரைக்கேறுற ஆளுக்குத்தான் வாய் இன்னும் துப்பரவா இருக்க வேணும். எச்சில் எப்பிடியும் கொஞ்சங் கொஞ்சமா நெஞ்சுக்குள்ளை இறங்கும். பல்லிலை படிஞ்ச கிருமியும் அதோடை போய்த்தான் நியூமோனியா வாறது. ஜப்பானிலை 11 முதியோர் இல்லங்களிலை இரண்டு வருசம் பாத்து 2002இலை வெளிவந்த ஆய்விலை, ஒழுங்கா வாய் துப்பரவாக்கின ஆக்களிலை 11 சதவீதத்துக்கும் மற்றவையிலை 19 சதவீதத்துக்கும் நியூமோனியா வந்தது.

தலைமாட்டை உயர்த்தி இருத்துங்கோ. ஏலாட்டி இடப்பக்கம் கீழே வரச் சரிச்சு, நாடி நெஞ்சுப் பக்கம் தாழத் தலையணி வையுங்கோ. தலை பின்னாலை சாயவே கூடாது. சின்னப் பிள்ளையளின்ரை மெத்தென்ற பிறஸ், தண்ணியை உதறிப்போட்டு அரிசியளவு பேஸ்ற். கூட வைச்சால் நுரை தொண்டைக்குப் போகும். நுரையை ஈரக் கோஸ் துணியாலை (காயத்துக்குக் கட்டுற மெல்லிய துணி) ஒற்றி எடுங்கோ. விரலைக் கன்னத்தோடை விடுங்கோ, பல்லுக்கிடையிலை விட்டால் கடிச்சுப் போடுவா. வலக் கன்னத்துக்குள்ளை உணர்ச்சி குறைஞ்சிருந்தால் சோறு தங்குறது அவவுக்குத் தெரியாது, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ.

வாயைப் பொத்தினால் மல்லுக்கட்ட வேண்டாம். முதல் கை, பிறகு கன்னம், பிறகு சொண்டு எண்டு தொடுங்கோ. இடக்கையிலை ஒரு பிறஸைப் பிடிக்கக் குடுங்கோ. அப்பவும் ஏலாட்டி அரை மணித்தியாலம் விட்டுத் திரும்பப் போங்கோ. சாப்பிட்ட உடனை பல்லுத் தீட்டாதேங்கோ, ஓங்காளம் வரும்.

பல்வைத்தியம்:
வாயைப் பொத்துறதுக்கும் கஞ்சி வேண்டாம் எண்டுறதுக்கும் எனக்கு முதல் சந்தேகம் வாய் நோவிலைதான். கட்டுப்பல்லைக் கழற்றி அண்ணத்தைப் பாருங்கோ. கட்டுப்பல்லின்ரை தட்டு இருந்த அளவுக்கே சிவந்திருந்தால் பங்கஸ் பிடிச்சிருக்கலாம். வைத்தியர் நிஸ்ரற்றின் தந்தால், தட்டை வெளியிலை எடுத்துப்போட்டுத்தான் மருந்து விட வேணும். தட்டு ஊத்தையா இருந்தால் ஆறினதும் திரும்ப வரும்.

தட்டைப் பேஸ்றாலை தீட்டாதேங்கோ, கீறல் விழுந்து கிருமி அதுக்குள்ளை குடியிருக்கும். சவர்க்காரத் தண்ணியும் தனிப் பிறஸும் காணும். கை தவறினாலும் உடையாமல் தண்ணி விட்ட பேசினுக்கு மேலை பிடிச்சுத் தேயுங்கோ. கொதிதண்ணி பட்டால் நெளிஞ்சு வாய்க்குப் பொருந்தாது. இரவிலை கட்டாயம் கழற்றிப் பச்சைத்தண்ணியிலை போட்டு வையுங்கோ.

பனங்கூடல்:
வாய் காய்ஞ்சு கிடந்தாலும் கஞ்சி இறங்காது. தடிமனுக்கும் கடிக்கும் குடுக்கிற பிறிற்றன், மனச்சோர்வுக்கும் நரம்பு நோவுக்கும் குடுக்கிற அமிற்றிப்ரிலின், சலம் போக்கிற பிறூசமைட் மூண்டுமே எச்சிலைக் குறைக்கும். நீங்களா நிப்பாட்டாமல் கிளினிக்கிலை மருந்துக் கொப்பியைக் காட்டிக் கேளுங்கோ. காய்ஞ்ச வாய்க்குத் தேசிக்காய்ச் சாறு தடவுற பழக்கம் எங்கடை பக்கம் இருக்கு, தயவுசெய்து வேண்டாம். புண்ணை எரிக்கும், பல்லையும் அரிக்கும். தண்ணியிலை நனைச்சுப் பிழிஞ்ச கோஸ் போதும்.

அம்மம்மா வெத்திலை போட்டவவெண்டால் கன்னத்தின்ரை உட்பக்கத்தையும் நாக்குக்குக் கீழையும் வடிவாப் பாருங்கோ. வெள்ளை, சிவப்புப் படை தெரிஞ்சாலோ, இரண்டு கிழமையாகியும் புண் ஆறாட்டிலோ, நோ இல்லாட்டியும் பல் வைத்தியரிட்டைக் காட்டுங்கோ.