ஸ்விஃப்டா, ஆக்சியோவா? கொழும்பில் பழைய கார், நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்

கோவைக்காரன்:
வணக்கம் நண்பர்களே. வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு கொழும்பு வந்திருக்கிறோம். கம்பெனி கொடுத்த வண்டியை இந்த மாதக் கடைசியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அலைந்து திரிந்து இரண்டு கார்களில் வந்து நிற்கிறேன். ஒன்று 2017 சுசுக்கி ஸ்விஃப்ட் ஆர்எஸ், ஜப்பான் வண்டி. ஓட்டிப் பார்த்தேன், கை நினைக்கும் முன்னே திரும்புகிறது. மற்றது 2010 டொயோட்டா ஆக்சியோ, விலையும் குறைவு. மனைவிக்கு அதுதான் வேண்டுமாம், பின் சீட் நன்றாக இருக்கிறதாம். எனக்கோ அதை ஓட்டும்போது படகில் போவது போல இருந்தது. ஸ்விஃப்ட்காரர் நாளை மாலைக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறார். எதை எடுக்கலாம்? இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

திருச்சி அக்கா:
தம்பி, முதலில் கார் வாங்கும் எண்ணத்தைத் தள்ளி வையுங்கள். நாங்கள் 2022 தொடக்கத்தில் வந்தோம், வந்த கையோடு ஒரு வண்டி எடுத்தோம். அந்த ஜூன் கடைசியில் 92 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 470 ரூபாய். விலையை விடுங்கள், கிடைத்தால்தானே? வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு நானும் கணவரும் மாறி மாறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தோம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் டேங்க் காலி. மாடி வீட்டுச் சிங்களக் குடும்பம்தான் தங்கள் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெட்ரோலை அளந்து கொடுக்கும் கியூஆர் முறை வந்த பிறகுதான் மூச்சு விட்டோம். ஊர் பழகும்வரை கடற்கரை ரயிலும், போனில் கூப்பிடும் பிக்மீ வாடகை வண்டியும் போதும்.

கொட்டாஞ்சேனை வாசி:
அக்கா, அந்தக் காலத்தை யாரும் மறக்கவில்லை. ஆனாலும் குடும்பத்தோடு இருப்பவருக்கு மழை நேரத்தில் பிக்மீயை நம்பச் சொல்லாதீர்கள். பள்ளிக்கூடம் விடும் நேரமும் மழையும் சேர்ந்தால் ஒருவரும் வரமாட்டார்கள்.
தம்பி, இரண்டையும் விட்டுவிட்டு ஒரு வேகன் ஆர் எடுங்கள். சீட் உயரம், ஏறி இறங்கச் சுகம், எந்தச் சந்திலும் நுழையும், எண்ணெய் (பெட்ரோல்) செலவு குறைவு. விற்க நினைத்தால் உடனே போகும். எங்கள் வீட்டில் அதுதான்.

பதுளைப் பெடியன்:
வேகன் ஆர் கொழும்புக்குள் சரி. ஊருக்குப் போகும் ஆளுக்குச் சரிவராது. ஜப்பான் வேகன் ஆர் 660 சிசி வண்டி, நான்கு பேருக்குத்தான் இடம். நான்கு பேரும் பெட்டியுமாக மலைநாட்டு ரம்பொடை ஏற்றத்தில் ஏசியைப் போட்டுப் பாருங்கள், என்ஜின் கதறும். உயரமான உடம்பு என்பதால் அதிவேகப் பாதையில் பக்கக் காற்று அடித்தால் தள்ளுவதும் தெரியும். நான் டொயோட்டா அக்வா சொல்வேன், பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வண்டி.

கொட்டாஞ்சேனை வாசி:
பழைய ஹைபிரிட்டைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டாதீர்கள். பேட்டரி போனால் யார் பார்ப்பது?

பதுளைப் பெடியன்:
பேட்டரியை ஸ்கேன் செய்து பார்த்து வாங்கலாமே அண்ணே. அக்வாவுக்குப் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில். அதற்குக் காற்றுப் போகும் வழி சீட்டின் பக்கத்தில் இருக்கிறது. அதில் தூசி அடைத்தால்தான் சூடேறிக் கெடும். அந்த வழியில் இருக்கும் வலையை எடுத்துத் துடைக்கப் பெரிய நேரம் ஆகாது. பயப்பட வேண்டியது 2013, 2014 ஹோண்டா ஃபிட் ஹைபிரிட்டுக்குத்தான். அதன் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டிக்காக ஜப்பானிலேயே வண்டிகளைத் திரும்பத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள் (ரீகால்).

லான்சர் தம்பி:
கேட்டவர் ஸ்விஃப்டா ஆக்சியோவா என்றுதானே கேட்டார்? அதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.
அண்ணா, உங்கள் கை பொய் சொல்லவில்லை. அந்த ஸ்விஃப்ட் சுமார் 900 கிலோதான். என்ஜின் 1.2 லிட்டர், 91 குதிரைத்திறன், பெரிய சக்தி இல்லை. ஆனால் எடை குறைவு, ஆர்எஸ்ஸுக்கு ஷாக் அப்சார்பரும் ஸ்டியரிங்கும் ஐரோப்பியப் பாணியில் அமைத்தது. அதனால்தான் உயிரோட்டமாக இருக்கிறது. வேகத்துக்காக வாங்கினால் ஏமாற்றம்தான். நகரத்துக்குள் 50, அதிவேகப் பாதையிலேயே 100தான் எல்லை, கொட்டாவையிலிருந்து காலி வரை பொலிஸ் வேகமானியோடு நிற்கிறார்கள். ஆனால் ஓட்டுகிற சந்தோஷம் 40இலும் கிடைக்கும். தினமும் காலையும் மாலையும் காலி வீதி நெரிசலில் உட்காரப்போகிறவருக்கு அந்தச் சந்தோஷம் தேவை என்பது என் கருத்து.
ஸ்விஃப்ட் ஸ்போர்ட் பக்கம் மட்டும் ஆசையைத் திருப்ப வேண்டாம். 1.4 டர்போ அருமையான வண்டி, ஆனால் ரப்பர் மெலிந்த 195/45 17 அங்குல டயர், தரையிலிருந்து 120 மில்லிமீட்டர் உயரம். நம் ஒழுங்கைகளில் இருக்கும் வேகத்தடைகளில் வயிறு உரசும்.

நுகேகொடை அம்மா:
தம்பி லான்சர், ஓட்டுபவருக்குச் சந்தோஷம், சரி. பின்னால் இருப்பவருக்கு? என் மகனும் இப்படித்தான் தாழ்வான வண்டி எடுத்தான். நான் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும், இறங்கும்போது யாராவது தூக்க வேண்டும். கோயிலுக்குப் போகவே மனம் வருவதில்லை. வசதியைத்தான் பாருங்கள். பணம் இருந்தால் டொயோட்டா பிரிமியோ எடுங்கள், அதன் பின் சீட்டைச் சாய்த்துக்கொள்ளவும் முடியும்.

திருச்சி அக்கா:
பிரிமியோ விலைக்கு எங்கள் ஊரில் புது வண்டி வாங்கி, மிச்சத்தில் சின்ன மனையும் வாங்கலாம் அம்மா.

கொட்டாஞ்சேனை வாசி:
இந்த விலையெல்லாம் யார் செய்த வேலை? 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருடம் புது வரத்தே இல்லாமல் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி விலை ஏறின. திறந்த பிறகும் வரிக்கு மேல் வரி. பதினைந்து வருடம் ஓடிய வண்டிக்கு வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பதுளைப் பெடியன்:
புரோக்கர்களைச் சொல்லுங்கள் அண்ணே. மைலேஜைக் குறைத்து, இருக்கைக்குப் புது உறை போட்டு, "டாக்டர் ஓடிய வண்டி" என்பார்கள். மலைநாட்டிலிருந்து வாங்க வருபவன் என்று தெரிந்தால் விலை இன்னும் ஏறும். என் மாமா இரண்டு முறை அப்படித் திரும்பி வந்தார், மனம் நொந்துபோய்.

திருச்சி அக்கா:
வீட்டு வாடகையும் அப்படித்தான். இந்தியாவிலிருந்து வந்தவர் என்றால் ஒரு வருட அட்வான்ஸ் கேட்கிறார்கள். அதைக் கட்டிய மாதம் நாங்கள் பட்ட பாட்டை இங்கே எழுதி முடியாது.

யாழ் கராஜ்:
கோவைத் தம்பி, கொஞ்சம் இங்கே வாருங்கள். நீங்கள் சொல்லாத சில விஷயங்கள் எனக்குத் தெரிய வேண்டும். வீடு எங்கே, வண்டி எங்கே நிற்கும்? யார் யார் ஏறுவார்கள்? எத்தனை வருடம் இங்கே இருப்பீர்கள்? லைசன்ஸ் எந்த நாட்டுடையது? ஸ்விஃப்ட் விற்பவர் பெயர் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறதா?

கோவைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் அடுக்குமாடி. கார் நிறுத்தும் இடம் அடித்தளத்தில், ராம்ப் கொஞ்சம் செங்குத்து. ஒப்பந்தம் இரண்டு வருடம். அடுத்த மாதம் அம்மா வருகிறார், முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆனவர், எங்களோடுதான் இருப்பார். லைசன்ஸ் இந்தியாவுடையது. ஸ்விஃப்ட் புத்தகத்தில் வேறு ஒருவர் பெயர் இருக்கிறது. ஓபன் பேப்பர், கையெழுத்துப் போட்டுத் தயாராக இருக்கிறது, பிரச்சினை இல்லை என்றார்.

யாழ் கராஜ்:
அம்மாவின் முதுகைப் பற்றி முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும் தம்பி. பாதிக் கேள்வி அதிலேயே தீர்ந்துவிடும்.

நாளைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஓபன் பேப்பர் என்றால் பதிவு பெற்ற உரிமையாளர் எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாற்றுப் படிவம், வண்டி அதன்பின் எத்தனை கை மாறியது என்று புத்தகம் சொல்லாது. அந்த உரிமையாளர் இறந்திருந்தாலோ வெளிநாடு போயிருந்தாலோ நீங்கள்தான் அலைய வேண்டும். லீசிங் கம்பெனியின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் பதிவில் நின்றால் அதைவிட மோசம். நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டிப் பதிவு விவரத்தை எடுங்கள். உரிமையாளர் நேரில் வரட்டும். வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், காப்புறுதி மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். நல்ல விற்பனையாளர் இதற்கெல்லாம் இரண்டு நாள் தருவார்.

உங்கள் லைசன்ஸை வேரஹெர லைசன்ஸ் அலுவலகத்தில் விசாரித்து இங்கே செல்லுபடியாகும்படி செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் மோதினால் காப்புறுதி கைவிட்டுவிடும்.

இப்போது கார். லான்சர் தம்பி ஸ்விஃப்டைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அதற்கு 185/55 டயர், அகலம் 185 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 55 சதவீதம். அதாவது ரிம்முக்கும் தெருவுக்கும் நடுவே 102 மில்லிமீட்டர் ரப்பர். அதே அகலத்தில் 65 டயர் என்றால் 120 வரும். அந்தச் சின்ன வித்தியாசம்தான் குழியில் முதுகுக்குத் தெரியும். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பதால் உங்களுக்குத் தெரியாது, பின் சீட்டில் அச்சுக்கு மேலே இருப்பவருக்குத்தான் முழு அடியும்.

ஆக்சியோ மிதக்கிறது என்றீர்களே, அதைக் கவனியுங்கள். 2010 ஆக்சியோ அப்படி மிதக்கக் கூடாது. மென்மையான வண்டிதான், ஆனால் பிரேக் பிடித்தால் மூக்குக் குத்துவதும், வளைந்த பின் இரண்டு முறை ஆடுவதும் தேய்ந்த ஷாக் அப்சார்பரும், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் காட்டும் அறிகுறி. அவற்றைப் புதிதாக மாற்றி, நல்ல டயர் போட்டால் வண்டி கைக்குள் வரும். இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தில் அதைச் செய்து மீதியும் இருக்கும். தளர்ந்த வசதி வண்டியை இறுக்கலாம். இறுக்கமாகப் பிறந்த வண்டியை முதுகுக்கு ஏற்றபடி மென்மையாக்குவது கடினம். உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் எல்லாப் பாகமும் கிடைக்கும், ஆனால் ஷாக்கை மட்டும் ஜப்பானில் கழற்றிய பழையதாக வாங்காதீர்கள், புதிது போடுங்கள்.

லான்சர் தம்பி:
அண்ணே, 2012க்குப் பிறகு வந்த புது ஆக்சியோ கிடைத்தால் இன்னும் நல்லதல்லவா?

யாழ் கராஜ்:
அது டொயோட்டாவின் சின்ன வண்டியான விட்ஸின் அடித்தளத்தில் செய்தது தம்பி. எண்ணெய் குறைவாகக் குடிக்கும், ஆனால் சொகுசில் கோவைத் தம்பி பார்த்த பழைய 141 மாடல் சளைத்ததில்லை. விலையும் ஏறும். இரண்டு வருடத்தில் திரும்பப் போகிறவர், முழுப் பணத்தையும் காரில் போட வேண்டாம்.

லான்சர் தம்பி:
அம்மாவுக்காக என்றால் நானும் ஆக்சியோதான் சொல்வேன். ஷாக் மாற்றியபின் கண்டி வழியில் இருக்கும் கடுகண்ணாவை வளைவுகளில் ஓட்டிப் பாருங்கள் அண்ணா, பிடித்துவிடும்.

கோவைக்காரன்:
ஸ்விஃப்ட்காரரிடம் உரிமையாளரைக் கூட்டி வரச் சொன்னேன், போனை வைத்துவிட்டார். மனது கொஞ்சம் வலிக்கிறது, ஆனாலும் தெளிந்துவிட்டது. ஆக்சியோ புத்தகத்தில் விற்பவர் பெயரேதான் இருக்கிறது. சனிக்கிழமை காலை மறுபடி பார்க்கப் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

யாழ் கராஜ்:
நல்லது. என்ஜின் சூடாவதற்கு முன் போங்கள், குளிரில் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தைக் கேளுங்கள். உங்கள் மனைவி ஓட்டத்தின் பாதிப் பங்காவது பின் சீட்டில் இருக்கட்டும், பிறகு நீங்களும் உட்காருங்கள், விற்பவர் ஓட்டட்டும். நாரஹேன்பிட்டி ரயில் கடவையை மெதுவாகத் தாண்டுங்கள், அடியில் டக் டக் என்று கேட்டால் புஷ்ஷோ இணைப்புக் கம்பியோ (லிங்க்) தேய்ந்திருக்கிறது. கியர் ஒட்டோமேட்டிக் என்பதால் நிறுத்திவிட்டு எடுக்கும்போது நடுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். நான்கு டயரும் நான்கு வெவ்வேறு வயதில் இருந்தால் அதையும் விலையில் பேசுங்கள்.

விற்பவர் வீடும் கடற்கரைப் பக்கம் என்றால் கட்டாயம் ஒரு கராஜின் ராம்பில் ஏற்றி வண்டியின் அடியைப் பாருங்கள். உப்புக் காற்றில் மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே கறள் (துரு) தின்றிருக்கும். கதவு ஓரம், பின் சக்கர வளைவு, டிக்கியில் ஸ்பேர் டயருக்கு அடி, மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் வண்டியும் வெள்ளவத்தையில்தான் நிற்கப்போகிறது, வாங்கியதும் அடியில் கறள் தடுப்புப் பூசிவிடுங்கள். முடிந்தால் பணம் கொடுக்கும் முன் உங்கள் அடுக்குமாடி ராம்பில் ஒரு முறை இறக்கி ஏற்றுங்கள், முன் பம்பர் உரசுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கோவைக்காரன்:
சரி அண்ணே. டார்ச் எடுத்து வைத்துவிட்டேன். வேரஹெரவுக்கு நாளையே போகிறேன்.

நுகேகொடை அம்மா:
அம்மா வந்ததும் முன் சீட்டிலும் உட்கார வைத்துப் பாருங்கள் மகனே, சில முதுகுக்கு அதுதான் சுகம்.