முனீஸ்வரன் கோவில் தெருவில் நேதாஜி படம், ஒன்றே கால் லட்சமாம். வாங்கலாமா?

கானாடுகாத்தான் பேரன்:
காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு பழைய மங்குச் சாமான் (பீங்கான் பாத்திரம்) பார்க்கப் போன இடத்தில் ஒரு நேதாஜி படம் கண்ணில் பட்டது. ராணுவ உடுப்பு, தேக்குச் சட்டம், கீழே ஆங்கிலத்தில் கையெழுத்து. ரங்கூனில் கொண்டுவிற்கப் போயிருந்த செட்டியார் ஒருவருக்கு நேதாஜியே நேரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாம், அவர் 1942-ல் நடந்தே ஊர் திரும்பும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்தாராம். கடைக்காரர் சொல்வது இது. விலை ஒன்றே கால் லட்சம், படத்தை எடுத்தால் அது இருந்த தகரப் பெட்டியில் கிடக்கும், போரில் பிடித்த நாடுகளில் ஜப்பான்காரன் அடித்துவிட்ட நோட்டுக் கட்டும் சில ரசீதுகளும் இனாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, அந்தக் கதையில் ஆண்டை மட்டும் பாருங்கள். ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்தது 1942 மார்ச்சில். நம்மவர்கள் அதற்குள்ளேயே கப்பல் கிடைத்தவர் கப்பலிலும், கிடைக்காதவர் காட்டு வழியிலும் கிளம்பிவிட்டார்கள். அப்போது நேதாஜி இருந்தது ஜெர்மனியில். சிங்கப்பூர் வந்ததே 1943 ஜூலையில், தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றியது 1944 ஜனவரியில். நடந்து வந்த செட்டியாருக்கு எங்கே வைத்துக் கையெழுத்துப் போட்டாராம்?

பெட்டகம்:
ரஸ்தா அண்ணே, கடைக்காரர் கதை தப்பென்றால் பொருளும் தப்பென்று ஆகிவிடாது. எல்லாரும் 1942-ல் திரும்பவில்லை. பினாங்கிலும் ஈப்போவிலும் மாட்டிக்கொண்டவர்கள் போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஊர் பார்த்தார்கள். அந்த வழியில் வந்ததாகவும் இருக்கலாம், மூன்று கை மாறினால் பினாங்கு ரங்கூனாகிவிடும். நான் இருபது வருடமாக ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) சாமான் சேர்க்கிறேன். முதலில் நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை அந்தக் கையெழுத்தின் மேல் வையுங்கள். பேனா மையானால் கோடு ஒரே ஓட்டமாக இருக்கும், எழுத்து வளைகிற இடத்தில் மை கொஞ்சம் தேங்கியிருக்கும். அச்சானால் கோடே புள்ளி புள்ளியாக உடையும், கையெழுத்தோடு சேர்த்தே அச்சான நேதாஜி படங்கள் ஊரெங்கும் உண்டு. அப்புறம் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு. 1940-களின் தாள் அதன் கீழே மங்கலாகக் கிடக்கும், பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் பின்னால் வந்த தாள். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்ற விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ரப்பர் தோட்டத்தான்:
உரைகல்லெல்லாம் இருக்கட்டும். என் தாத்தா மலாயாவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், இந்தப் பக்கத்து ஆள், கூலியை விட்டுவிட்டு ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார். ஊருக்குத் திரும்பியவர் தியாகி பென்ஷனுக்குத் தாள் இல்லாமல் சாகும்வரை ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். அந்தத் தாள் யார் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் தூங்குகிறதோ! ரத்தம் சிந்தியவன் சாமானுக்கு விலை ஒட்டி விற்கிறீர்கள், அதற்குச் சேகரிப்பு என்று பெயர் வேறு. திப்பு வாளை 2023-ல் லண்டனில் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் விட்டார்களே, அவர்களுக்கும் உங்களுக்கும் தொகைதான் வித்தியாசம்.

பெட்டகம்:
ஐயா, உங்கள் தாத்தாவுக்கு நடந்தது கொடுமைதான், ஆனால் அந்தத் தாளைத் தொலைத்தது நாங்கள் இல்லை. ஏலம் என்றாலே பாவமா? தன் கழுத்தில் போட்ட மாலையை மேடையிலேயே ஏலம் விட்டுப் படைக்கு நிதி சேர்த்தவர் நேதாஜி. பழைய வீட்டை இடிக்கும்போது நாங்கள் வாங்காவிட்டால் காகிதமெல்லாம் எடைக்குத்தான் போகும். அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

ரப்பர் தோட்டத்தான்:
அவர் ஏலம் விட்ட காசு படைக்குப் போனது. நீங்கள் கொடுக்கிற காசு எங்கே போகிறது?

தேவகோட்டை ரஸ்தா:
நியாயமான கேள்வி. பெட்டகம் மழுப்பாமல் பதில் சொல்லட்டும். நடுவில் ஒன்று, நேதாஜியின் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) தபால்தலை, பதக்கம் என்று கடைக்காரர் அடுத்து எடுத்து நீட்டுவார், ஜாக்கிரதை. தபால்தலை பெர்லின் அரசு அச்சகத்தில் லட்சக்கணக்கில் அடித்தது, தபாலில் ஒட்டப்படவே இல்லை, அதனால் அசலே மலிவு. பதக்கத்தைப் போருக்குப் பிறகும் வியன்னாவில் அடித்து விற்றார்கள்.

பெட்டகம்:
காசு கடைக்காரருக்கும் வீட்டை விற்றவருக்கும் போகிறது, மறைக்க என்ன இருக்கிறது? பொருள் மிஞ்சுகிறது, எனக்கு அது போதும்.
பேரன், அந்த இனாம் கட்டைப் பற்றி யாருமே கேட்கவில்லையே. பெரும்பாலான நோட்டில் வரிசை எண் இருக்காது, ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். முதல் எழுத்து ‘பி’ என்றால் பர்மா, ‘எம்’ என்றால் மலாயா. ரசீது யார் பெயரில், எந்த ஊர்?

கானாடுகாத்தான் பேரன்:
இன்று திரும்பப் போய்ப் பார்த்தேன். கையெழுத்து புள்ளி புள்ளியாக உடைகிறது அண்ணே, அச்சுதான். நோட்டெல்லாம் ‘எம்’. ரசீதுகள் நேதாஜி படைக்கு நிதி திரட்டிய இந்திய சுதந்திர லீக் கொடுத்தவை, ஒன்றில் ஒரு பெண் பெயர், மலாயாவில் பேராக் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர், அவர் நிதிக்குக் கொடுத்தது ஒரு ஜோடி தோடு. தோடு என்பதை மட்டும் யாரோ பென்சிலில் தமிழில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்கள்.

பெட்டகம்:
படத்தை விடுங்கள். ரசீதுக்கு மட்டும் என்ன கேட்கிறார்? நான் இருபதாயிரம் தருகிறேன்.

ரப்பர் தோட்டத்தான்:
பார்த்தீர்களா! இனாமாகக் கிடந்ததற்கு ஒரு நிமிடத்தில் விலை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பேரன் பேத்தி இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கலாம், முதலில் தேட வேண்டாமா?

தேவகோட்டை ரஸ்தா:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 வருடம் ஆனாலே அது தொல்பொருள், மற்றவற்றுக்கு 100 வருடம். 1940-களின் ரசீதை வரலாற்று ஆவணம் என்று எடுத்துக்கொண்டால் விற்கிறவருக்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பெட்டகம், உங்களிடம் மலேசியாவிலிருந்து ஆள் கேட்டால் கை நீட்டிவிடாதீர்கள்.

பெட்டகம்:
நான் எதையும் வெளியே அனுப்பியதில்லை அண்ணே. தோட்டத்தான், உங்களுக்கு ஒரு வாரம் நேரம், குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள். கிடைத்தால் நானே காசு கொடுத்து வாங்கி அவர்கள் கையில் தருகிறேன். கிடைக்காவிட்டால் என் அலமாரிக்குத்தான் வரும், அப்போது யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

ரப்பர் தோட்டத்தான்:
ஒரு வாரத்தில் எப்படி முடியும்? தோட்டத்தின் பெயரை வைத்துப் பேராக்கில் விசாரிக்கவே ஒரு மாதம் ஆகும். பேரன், ரசீதின் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்புங்கள், இங்கே போடாதீர்கள்.

கானாடுகாத்தான் பேரன்:
கடை நாளைக் காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். இன்று நான் ரசீதையே உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவர் அதை இனாம் கட்டிலிருந்து தனியாக எடுத்து மேசைக்குள் வைத்துவிட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.