மறுமொழி: ஏற்கத்தக்கதா, தாங்கத்தக்கதா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

உணவுப் பகுப்பாய்வு மாணவர் கையேட்டில் இறைச்சியில் சேரும் வேதி மாசுகள் பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டும். ஓரிடத்தில் நிற்கிறேன். கால்நடை மருந்தின் எச்சத்துக்கு "ஏற்கத்தக்க தினசரி உட்கொள்ளளவு" (வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உட்கொண்டாலும் கேடு தராத அளவு) பொருந்துகிறது. அது தெரிந்தே கொடுக்கும் பொருள். இவ்வளவு வரை ஏற்கிறோம் என்கிறோம். காட்மியம் என்ற நச்சு உலோகத்தையும் டையாக்சின் என்ற நச்சுச் சேர்மத்தையும் யாரும் விரும்பிச் சேர்ப்பதில்லை. தீவனம் வழியே வந்து, முன்னது சிறுநீரகத்திலும் ஈரலிலும், பின்னது கொழுப்பிலும் தங்கிவிடுகின்றன. இவற்றுக்கும் "ஏற்கத்தக்க" என்றே போட்டால் பாடத்தின் உயிரே போய்விடும். "தாங்கத்தக்க" சரிவருமா?

———

> "தாங்கத்தக்க" சரிவருமா?

அம்மா, தாங்குவது தூண், உடல் பொறுக்கும். 151ஆம் குறளில் நிலம் தாங்குகிறது, மனிதர் பொறுக்கிறார். வள்ளுவர் பிரித்தே ஆள்கிறார். பொறு, பொறுமை, பொறுப்பு, பொறை எல்லாம் ஒரே வேர். சேரர் பெயரில் வரும் இரும்பொறையையும் பாருங்கள். "பொறையளவு" என்று ஒரே சொல்லில் முடிக்கலாம்.

———

ஐயா, பொறைக்குச் சுமை என்றும் பொருள் உண்டே! எங்கள் துறையில் "உடற்சுமை" தனிக் கருத்து: உடம்பில் சேர்ந்து கிடக்கும் மொத்த அளவு. காட்மியம் உடலில் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். பொறையளவு என்றால் மாணவர் இரண்டில் எதை எடுத்துக்கொள்வார்?

காலமும் பெயரில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் அமைத்த கூட்டு வல்லுநர் குழு 2010இல் காட்மியத்துக்கு வாரக் கணக்கை விட்டு மாதக் கணக்குக்கு மாறியது: உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு மாதம் 1,500. அதுவும் இறைச்சியிலிருந்து மட்டுமல்ல, எல்லா உணவும் சேர்த்து. ஆகவே "தாங்கத்தக்க மாத உட்கொள்ளளவு". நீளம்தான், ஆனால் படித்தவுடன் புரியும்.

———

உட்கொள்ளளவில் "கொள்ளளவு" ஒளிந்திருக்கிறது. பாத்திரம்தான் நினைவுக்கு வரும். "உட்கொள்ளல்" போதும்.

———

சொல் எதுவானாலும் சரி, ஈயத்துக்கு அதைப் போடாதீர்கள். கிலோவுக்கு வாரம் 25 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பை அதே 2010இல் அந்தக் குழு விலக்கிக்கொண்டது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படாத அளவு என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. "தாங்கத்தக்க ஈயம்" என்று மாணவர் மனத்தில் பதிந்துவிட்டால் பிறகு அழிப்பது கடினம். அங்கே உட்கொள்ளும் அளவுக்கும் தீங்கு தெரியத் தொடங்கும் அளவுக்கும் உள்ள இடைவெளியைத்தான் பார்க்கிறார்கள். அதற்கும் ஒரு சொல் வேண்டுமே?

———

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் சொன்னபடி "தாங்கத்தக்க மாத உட்கொள்ளல்" என்று அனுப்புகிறேன். ஈயத்துக்குத் தனிப் பத்தி எழுதிவிட்டேன். இடைவெளிக்கான சொல்லைத் தனி இழையில் பேசுவோம்.

———

> பெரும்பாலோர் சொன்னபடி

எனக்கு உடன்பாடில்லை. சொல்லடைவிலாவது பொறையளவு இடம்பெறட்டும்.